கடற்கரையிலிருந்து மலைக்குப் பை தூக்குகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடலோர ஊர்களிலிருந்து முதுகில் ஒரு பையோடு மலை பார்க்கக் கிளம்பும் பிள்ளைகள் இப்போது அதிகம். கிளம்புவதற்கு முதல் வாரம் ராமநாதபுரத்தில் என்னைத் தேடி வந்து கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தாம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டுப் பதிலை எழுதியிருக்கிறேன். கார் பிடித்துச் சுற்றுகிறவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது. அரசுப் பஸ், மலிவான அறை, நடை என்று போகிறவர்களுக்காக எழுதியது.

அண்ணே, மலைக்குப் போகணும்னு ஆசை இருக்கு. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. எந்தப் பக்கம் போறது?

வைகையைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள். வருசநாட்டு மலையில் கிளம்பி ஏறக்குறைய 258 கிலோமீட்டர் ஓடிவரும் அந்த ஆறு, நம் ராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான் வந்து சேர்கிறது. மிஞ்சினால் ஆற்றங்கரை பக்கம் கடலுக்குப் போகும். அதிலும் வைகையில் வருவதெல்லாம் வைகைத் தண்ணீர் மட்டுமல்ல. மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்ட தண்ணீரும் சேர்ந்துதான் வருகிறது. பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. அந்த அணைக்குப் பின்னால் தேங்கி நிற்பதுதான் தேக்கடி ஏரி.

ஆகவே வழி தானாகவே அமைந்துவிடுகிறது: பரமக்குடி, மானாமதுரை, மதுரை, ஆண்டிபட்டி பக்கம் வைகை அணை, தேனி, கம்பம், லோயர் கேம்ப், குமுளி, தேக்கடி. அங்கிருந்து ஏலக்காய்த் தோட்டங்கள் வழியே வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறை தாண்டி மூணாறு. திரும்பும்போது போடிமெட்டு இறங்கித் தேனி. ஒரு வட்டம் முடிந்துவிடும். ஊட்டியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நமக்கு அது தூரம், பஸ்ஸிலேயே நாள் போய்விடும். இந்த வட்டத்தை முடித்தபிறகு அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஏறி, திங்கக்கிழமை காலையில வேலைக்கு வந்துடலாமா?

ஒரே ஒரு மலை என்றால் முடியும். தேக்கடி மட்டும், அல்லது கொடைக்கானல் மட்டும். மேலே சொன்ன வட்டம் முழுவதும் என்றால் ஐந்து நாளாவது வேண்டும்.

ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கிலோமீட்டர் சொச்சம், மதுரையிலிருந்து தேனி 75, தேனியிலிருந்து குமுளி 60. இதுவரை கணக்கு சரியாக வரும். அடிவாரம் தாண்டினால் நம் ஊர்க் கணக்கு செல்லாது. பட்டணம்காத்தான் தாண்டி உச்சிப்புளி வரை நேர்கோடாய் ஓடும் சாலையில் பழகிய நாம், மலையிலும் முப்பது கிலோமீட்டருக்கு அரைமணி என்று போட்டுவிடுகிறோம். அங்கே ஒன்றரை மணி நேரம் போடுங்கள். குமுளியிலிருந்து மூணாறுக்கு நூறு கிலோமீட்டர் சுமார்தான், ஆனால் ஒரு பகலில் பாதி போய்விடும்.

மதுரையில எந்த பஸ் ஸ்டாண்டு? இறங்குன இடத்துலயே மாறலாமா?

நம் பக்கத்துப் பஸ்கள் மாட்டுத்தாவணியில் விடும். தேனி, குமுளி, கொடைக்கானல் பஸ்களுக்கு ஆரப்பாளையம் போக வேண்டும். நடுவில் டவுன் பஸ் உண்டு. நெரிசல் நேரமென்றால் ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் போக நினைத்தால் ராமேசுவரம் – மதுரை பாசஞ்சரில் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ ஏறலாம். மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரை அகல ரயில் பாதையில் 2023 ஜூன் முதல் ரயில் ஓடுகிறது. வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துப் போக வேண்டும். தொண்டிக்காரர்களுக்கு ஒரு வசதி: உங்கள் ஊரில் முடிகிற 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் சிவகங்கை, மதுரை, தேனி, போடி, மூணாறு வழியாகக் கொச்சி போகிறது. வீட்டு வாசலில் ஏறினால் சாலை மாறாமலே மூணாறு.

இ-பாஸ் எடுக்கணுமாமே? எடுக்கலைன்னா திருப்பி அனுப்பிடுவாங்களா?

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. சொந்த வண்டி, வாடகை வண்டியில் போகிறவர்கள் இணையத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். அரசுப் பஸ்ஸில் போனால் தேவையே இல்லை. பை தூக்கிப் போகிறவர்கள் இதில் தப்பித்தார்கள்.

தேக்கடி, மூணாறுக்கு இந்தப் பாஸ் கிடையாது. கொடைக்கானல், நீலகிரி இரண்டிலும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில் தடை. சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். எவர்சில்வர் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குளிரும்? எங்க வீட்ல மார்கழியிலயே ஃபேன் போட்டுத்தான் தூங்குறோம்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருப்பதால் நமக்கும் அதற்கும் பதின்மூன்று, பதினான்கு டிகிரி வித்தியாசம் எப்போதும் இருக்கும். மே மாதத்தில் அது சுகம். டிசம்பர், ஜனவரி இரவில் அங்கே பத்து டிகிரிக்குக் கீழே போகும். மூணாறு பக்கம் சில ஜனவரிகளில் புல்லில் உறைபனியே படியும். தேக்கடி ஆயிரம் மீட்டருக்குக் கீழே என்பதால் அவ்வளவு நடுக்கம் இருக்காது.

ஒரே தடியான ஜெர்க்கினை நம்பாதீர்கள். பனியன், முழுக்கைச் சட்டை, ஸ்வெட்டர், அதன்மேல் காற்று புகாத மெல்லிய மேலுடை என்று அடுக்காகப் போட்டால், வெயில் வரும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காதை மூட ஒரு துண்டோ மஃப்ளரோ, இரவுக்குத் தனியாக ஒரு ஜோடி காலுறை. இன்னொன்று நம் ஆட்களுக்குத் தெரிவதில்லை: அங்கே துணி காயாது. இங்கே கொடியில் போட்டால் அரைமணியில் விறைத்துப் போகும் கைலி, அங்கே இரண்டு நாள் சென்றும் சில்லென்று இருக்கும். துவைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று குறைவாக எடுத்துப் போகாதீர்கள்.

பையில என்னென்ன வைக்கிறது? அம்மா கருவாடு கட்டித் தர்றேன்னு நிக்குது.

பை ஏழெட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. அரசுப் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பாதித் தூரம் போவீர்கள். மேற்சொன்ன துணிகள், மழைக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, டார்ச், ஆதார் அட்டை, கொஞ்சம் ரொக்கம். தோட்டத்து ஊர்களில் சிக்னல் போய்விட்டால் போனில் பணம் கட்ட முடியாது.

கருவாடு வேண்டாம். நெத்திலிக் கருவாட்டின் வாசம் நமக்குப் பசி. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு அடுத்து நான் சொல்லப்போகும் பிரச்சினையைக் கிளப்பிவிடும். பதிலாகக் கீழக்கரைத் தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் எண்ணெய் பிரியும்வரை கிண்டியது, பல நாள் கெடாது, குளிரில் இரண்டு துண்டு தின்றால் ஒரு வேளை தாங்கும்.

கடல்ல எத்தனை அலை அடிச்சாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது. மலை பஸ்ல மட்டும் வாந்தி வருதே, ஏன்?

படகில் நிற்கும்போது உங்கள் கண் அடிவானத்தில் இருக்கிறது. உடம்பு ஆடுவதும் கண்ணுக்குத் தெரிவதும் ஒத்துப்போகிறது. போதாததற்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். பஸ்ஸில் நீங்கள் பார்ப்பது முன்சீட்டின் முதுகை, அல்லது போனை. கண் "நாம் அசையவில்லை" என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "வளைந்து வளைந்து திரும்புகிறோம்" என்கிறது. இரண்டும் முரண்படுவதால்தான் குமட்டல். படகில் கீழே இன்ஜின் அறைக்குள் குனிந்து வேலை பார்ப்பவருக்கும் சில சமயம் தலை சுற்றுமே, அதே கதைதான்.

அதனால் மருந்தும் அங்கேயே இருக்கிறது. முன்பக்கம் ஜன்னலோர இடம் பிடித்து, சாலை போகும் திசையில் தூரத்தைப் பாருங்கள். போனைப் பைக்குள் போடுங்கள். பின்சீட்டு வேண்டவே வேண்டாம், வளைவில் அதிகம் வீசுவது அதுதான். அடிவாரத்தில் பரோட்டா, சால்னா என்று கட்டாமல் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். வெறும் வயிறும் உதவாது. மாத்திரை போடுகிறவர்கள் குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வந்துவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி, ஏறுவதற்கு அரைமணிக்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டுகிறவர்கள் தொடவே கூடாது. காது அடைத்தால் எச்சிலை விழுங்கினால் போதும்.

எந்த மாசம் நல்லது? இங்க வெயில் கொளுத்தும்போது அங்க மழையாமே?

ஆமாம். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. பெரியாறு, மூணாறு பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. இங்கே ஆடிக் காற்றில் மண் பறக்கும்போது அங்கே சாலையில் மண் சரியும். ஜூலை, ஆகஸ்டில் மூணாறு பக்கம் போவதை நான் ஆதரிப்பதில்லை. ஜனவரி, பிப்ரவரி வானம் தெளிவாக இருக்கும். வரையாடு பார்க்க மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போகிற எண்ணம் இருந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள். குட்டி ஈனும் பருவம் என்று பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள்.

கொடைக்கானல் இரண்டு பருவத்திலும் நனையும். அங்கே அக்டோபர், நவம்பரைத் தவிருங்கள்.

தடைக்காலத்துலதான் எங்களுக்கு ஓய்வு. அந்த ரெண்டு மாசத்துல போகலாமா?

விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கேட்பது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அதே நாட்கள்தாம் மலையில் சீசன். கொடைக்கானலில் மே மாதம் மலர்க் கண்காட்சி வேறு. அறை வாடகை இரண்டு மூன்று மடங்கு ஏறும், வத்தலக்குண்டு மலைச்சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்.

என் யோசனை: ஜூன் முதல் வாரம் கழித்து, தடை முடிவதற்குள் போய் வாருங்கள். பள்ளிக்கூடம் திறந்துவிடுவதால் கூட்டம் வடிந்திருக்கும். மழை அப்போதுதான் தொடங்கியிருக்கும், கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறக்கும் காலம், வாய்க்கால் நிறைய ஓடும். குடை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில்தான் போக முடியும் என்றால் திங்கள் முதல் வியாழன் வரை. வலை பின்னுவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதும் எப்படியும் ஒரு வாரம் தள்ளிப்போகாதா என்ன!

காக்கா, தொழுகைக்கும் ஹலால் சாப்பாட்டுக்கும் சிரமமா இருக்குமா?

இந்த வழியில் சிரமமே இல்லை. உத்தமபாளையம், கம்பம் இரண்டிலும் முஸ்லிம்கள் நிறைய. குமுளியிலும் மூணாறிலும் பள்ளிவாசலும் ஹலால் கடைகளும் பஜாரிலேயே உண்டு. வெள்ளிக்கிழமை எந்த ஊரில் இருப்பீர்கள் என்று மட்டும் பார்த்துத் திட்டம் போடுங்கள். மலைப் பஸ்ஸில் நடுவழியில் மாட்டிக்கொண்டால் ஜும்ஆ தவறிவிடும்.

மூணாறுல மலையாளம் தெரியணுமா?

தேவையில்லை. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வேலை செய்கிறார்கள். கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழ்தான்.

நாங்க நாலு பொண்ணுங்க மட்டும் போறோம். வீட்ல சம்மதிக்க என்ன சொல்றது?

சம்மதிக்கவைப்பது உங்கள் சாமர்த்தியம். வழியைப் பற்றி நான் சொல்கிறேன். இருட்டுவதற்குள் அறைக்குள் இருக்கிற மாதிரி ஒவ்வொரு நாளும் பஸ்ஸை முடிவு செய்யுங்கள். மலையில் ஆறு மணிக்கே தெரு காலியாகிவிடும், கடைசிப் பஸ்களும் சீக்கிரம். முதல் இரவுக்கான அறையைக் கிளம்பும் முன்பே பதிவு செய்து, பெயரையும் தொலைபேசி எண்ணையும் வீட்டில் எழுதிக் கொடுங்கள். எல்லா வீட்டிலும் கேட்கிற முதல் கேள்விக்கு அதுவே பதில். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் "ரூம் வேணுமா?" என்று கூடவே வருகிறவர்கள் பின்னால் போகாதீர்கள். கொடைக்கானலில் இது ரொம்பத் தொல்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் பிரதான சாலையிலேயே தங்குங்கள், ஐம்பது நூறு கூடினாலும் பரவாயில்லை.

தேக்கடி போட்டுல ஏறுறது எப்படி இருக்கும்? பயமில்லையே?

பாம்பன் பிள்ளைகளுக்கு முதலில் சலிப்பாகத்தான் இருக்கும், அலையே இல்லை. தண்ணீருக்குள் பட்டுப்போன மரங்கள் நிற்கும், அணை கட்டித் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. அதிகாலைப் படகில் போனால் கரையில் யானையோ காட்டெருமையோ தண்ணீர் குடிக்க வர வாய்ப்பு அதிகம். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு நல்லது.

பாதுகாப்பு பற்றிக் கேட்டால், 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடையைச் சும்மா மாட்டிக்கொள்ளாமல் வாரை இழுத்துக் கட்டுங்கள். மிருகத்தைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடினால் மாடிப்படகு என்ன ஆகும் என்பது உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? மற்றவர்களுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

கடல்லயே நீந்துறவன் நான். ஏரியில குதிச்சா என்ன ஆகப்போகுது?

இந்தத் தைரியம்தான் ஆபத்து. உப்புத் தண்ணீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தி. கடல் உங்களைத் தூக்கிப் பிடிக்கிற அளவு ஏரி தூக்காது. வழக்கம்போல் மல்லாந்து மிதக்கப் பார்த்தால் கால் கீழே போகும், மூச்சு சீக்கிரம் வாங்கும். இரண்டாவது, குளிர். நம் மன்னார் வளைகுடாத் தண்ணீரில் பழகிய உடம்பு, மலை ஏரியில் சட்டென்று இறங்கினால் முதல் நிமிடத்திலேயே மூச்சுத் திணறும், கை கால் விறைக்கும். மூன்றாவது, அடியில் மணல் கிடையாது. சேறும் கொடியும்தான், கால் மாட்டினால் இழுத்து எடுப்பது கஷ்டம். அணைக்கட்டு என்றால் மதகுப் பக்கம் இழுவை வேறு. கொடைக்கானல் ஏரியிலும் தேக்கடியிலும் குளிக்கவே அனுமதி இல்லை.

தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் கம்பம் பக்கம் சுருளி அருவி, பெரியகுளம் பக்கம் கும்பக்கரை. கும்பக்கரையில் மேலே மலையில் மழை என்றால் வனத்துறை மூடிவிடும். கீழே வெயில் அடிக்கிறதே என்று வாதாடாதீர்கள், வெள்ளம் மேலிருந்துதான் வரும்.

பஸ்ஸு வேண்டாம்ணே, பைக்லயே போறோம். என்ன பார்க்கணும்?

முதலில் பிரேக். கடலோரத்து வண்டியை உப்புக்காற்று தின்றுகொண்டே இருக்கும். வெளியே பளபளவென்று இருந்தாலும் பிரேக் கேபிளின் உறைக்குள் துரு ஏறியிருக்கும். லீவரை அழுத்திவிட்டால் சட்டென்று திரும்பாமல் சோம்பலாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். அப்படியானால் கேபிளை மாற்றிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சங்கிலியையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சமதரையில் இந்தக் கோளாறெல்லாம் தெரியவே தெரியாது.

இறக்கம்தான் நம் பிள்ளைகளுக்குத் தெரியாத பாடம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறி, பாதி மலையில் பிடிக்காமல் போகும். பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவது தற்கொலை. குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும். போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள், எல்லாவற்றிலும் ஹாரன். மூடுபனி என்றால் ஓரமாக நிறுத்தி டீ குடியுங்கள். அடுக்கம் வழியாகக் கொடைக்கானல் ஏறும் குறுக்குச் சாலையை முதல் தடவையே முயலாதீர்கள்.

காட்டுக்குள்ள நடந்து போய் டென்ட் போடலாமா? அட்டை, யானை எல்லாம்?

அனுமதி இல்லாமல் கூடாது. 2018 மார்ச் 11 அன்று போடி பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு கெடுபிடி அதிகம், அது நியாயமும்கூட. தமிழக வனத்துறையே 2024 அக்டோபர் முதல் இணையத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு நடக்க நாற்பது பாதைகள் திறந்திருக்கிறது. அதில் போங்கள்.

அட்டை கடித்தால் பிய்க்காமல், நகத்தால் ஓரத்தை நெம்பி எடுங்கள். காலுறை மேல் உப்பு தடவினால் ஏறாது. வாலிநோக்கம் உப்பளத்துக்காரர்களுக்கு உப்பு கொடுத்துவிட வேண்டியதில்லை. யானை விஷயம்: பூப்பாறை, ஆனையிறங்கல், சின்னக்கானல் வட்டாரத்தில் இருட்டிய பிறகு நடந்தோ பைக்கிலோ போகாதீர்கள். கொடைக்கானல் ஊருக்குள்ளேயே காட்டெருமை உலவும். மாடு மாதிரி நின்றாலும் கிட்டே போய்ப் படம் எடுக்க வேண்டாம்.

கொடைக்கானலா, மூணாறா? ஒண்ணுதான் போக முடியும்னா எது?

இரண்டு நாள்தான் என்றால் கொடைக்கானல். ஆரப்பாளையத்தில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் ஏரிக்கரை. ஏரி இயற்கையானது இல்லை, 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்சு ஓடையை மறித்துக் கட்டியது. சுற்றி ஐந்து கிலோமீட்டர், காலையில் நடந்தே வரலாம். குணா குகை, தூண் பாறை என்று வேன்காரர்கள் காட்டும் பட்டியலை விட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் பூம்பாறை, மன்னவனூர் போங்கள். படிப்படியாகப் பூண்டு வயல், அப்புறம் கூட்டமில்லாத ஒரு ஏரி. கடைசிப் பஸ் நேரத்தைப் போகும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

என் மனசைக் கேட்டால் இரண்டும் இல்லை, மேகமலை. சின்னமனூரிலிருந்து 18 வளைவுகள், மேலே தேயிலையும் அணைத் தண்ணீரும்தான். வைகை பிறக்கும் மலைத்தொடர் அது. 2021 முதல் புலிகள் காப்பகம். பஸ்கள் சொற்பம், சோதனைச் சாவடி பகலில் மட்டும்தான் திறந்திருக்கும், கடை என்று சொல்ல ஏதுமில்லை. ஆகையால் முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வதில்லை. ஒரு தடவை மலை ஏறி இறங்கியவர்கள் போகலாம்.

வரும்போது மலைச் செடி வாங்கிட்டு வந்தா நம்ம வீட்ல வளருமா?

பூத்துக் குலுங்குவதைப் பார்த்து எல்லோரும் வாங்குகிறார்கள். ஹைட்ரேஞ்சியா, ஃபியூஷியா வகையறா நம் வெயிலில் ஒரு வாரம் தாங்காது. தண்ணீரிலும் உப்பு, காற்றிலும் உப்பு. மிளகுக்கொடி ஆசைப்பட்டு வாங்கினால் ஈரமும் நிழலும் கேட்கும். தென்னைக்கு அடியில் நல்ல தண்ணீர் விட முடிந்தவர்கள் முயன்று பார்க்கலாம். மற்றவர்கள் வண்டன்மேடு, குமுளி பக்கம் ஏலக்காய், மிளகு வாங்கி வாருங்கள். வாங்கும்போது ஏலக்காயை உடைத்துப் பாருங்கள், உள்ளே விதை கருப்பாகப் பிசுபிசுவென்று இருக்க வேண்டும். பழுப்பாக, உலர்ந்து உதிர்ந்தால் பழைய சரக்கு. பூம்பாறைப் பூண்டை நல்லெண்ணெய்க் குழம்புக்கென்றே அரைக்கிலோ எடுத்து, பாலித்தீனில் கட்டாமல் துணிப்பையில் போட்டு வாருங்கள்.